பின்கட்டில் தச்சுப்பட்டறை, பக்கத்து வீட்டில் ஆச்சி: மெஷின் சத்தத்தை அடக்குவது எப்படி?

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் பழைய வீட்டின் பின்கட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பத்து அங்குல டேபிள் சா (மேசையில் பதித்த வட்ட ரம்பம்), மேசைமேல் வைத்து ஓட்டும் திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் மெஷின்), ரூட்டர் (பள்ளமும் ஓர வேலைப்பாடும் குடையும் மெஷின்), தூசிக்கு ஒரு வாக்குவம் கிளீனர் ஆகியவை அவரிடம் இருக்கின்றன. பழைய தேக்குச் சட்டங்களை வாங்கி மேசையும் ஊஞ்சற்பலகையும் செய்கிறார். கிழக்குப் பக்கத்து வீட்டில் வயதான ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். மேற்கே பொதுச்சுவர், அந்த வீடு ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிறது. ஆச்சி நேரில் ஒன்றும் சொல்லவில்லை, பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். சுவரில் தெர்மோகோல் ஒட்டலாமா, முட்டை அட்டை ஒட்டலாமா? காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறதுதானே? இவை அவருடைய கேள்விகள்.

தெர்மோகோலும் வேண்டாம், முட்டை அட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் எடை இல்லை. சத்தத்தைத் தடுத்து நிறுத்துவது எடைதான். முட்டை அட்டை, அறைக்குள் எதிரொலிக்கும் கீச்சுக்குரலைக் கொஞ்சம் குறைக்கும். வெளியே போகும் சத்தத்தில் காதுக்குத் தெரியும் மாற்றம் எதையும் செய்யாது. தெர்மோகோல் அதைக்கூடச் செய்யாது. மரத்தூள் பறக்கும் அறையில், கிரைண்டர் பொறியோ சுவிட்சின் தீப்பொறியோ விழக்கூடிய இடத்தில், சுவர் முழுக்க எளிதில் பற்றிக்கொள்ளும் பொருளை நாமே ஒட்டிவைப்பது பெரிய ஆபத்து. மெத்தைக்குப் போடும் ஃபோமும் அப்படித்தான். எரிந்தால் அதன் புகையே ஆளைக் கொல்லும்.

உங்கள் சுவர்மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகத்தை முதலில் விடுங்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு ஒன்றரை அடிக் கனத்துக்கு எழுப்பிய அந்தச் சுவரைவிட நல்ல தடுப்பை இன்று கடையில் வாங்க முடியாது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரே பூச்சோடு சேர்ந்தால் 45 டெசிபலுக்குக் குறையாமல் சத்தத்தைத் தடுத்துவிடும். செட்டிநாட்டு வீட்டின் சிக்கல் சுவரில் இல்லை, திறப்புகளில் இருக்கிறது. நாட்டு ஓட்டுக் கூரை, அடியில் இடைவெளி விட்ட கதவு, மேலே திறந்த முற்றம், காற்றுக்காக விட்ட கம்பிச் சன்னல் ஆகியவற்றின் வழியாகத்தான் சத்தம் ஆச்சி வீட்டுக்குப் போகிறது. ஓட்டைக் குடத்துக்கு வெளியே எத்தனை பூச்சுப் பூசினாலும் தண்ணீர் நிற்காது. ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோராயமானதுதான், ஆனால் வழிகாட்டும். திக்னஸ் பிளேனர் ஓடும்போது ஒரு மீட்டரில் சுமார் 100 டெசிபல் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஆகவே 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82. ஆச்சியின் திண்ணை அந்த 8 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் ஓட்டையே இல்லாத சுவர் இருந்தால் 82இலிருந்து 45 கழிந்து 37தான் கேட்கும். அது தெருவின் சாதாரணச் சத்தத்தில் கரைந்துவிடும். அதே சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பத்தடிக்குப் பத்தடிச் சுவரில் ஒரு சதுர அடித் திறப்பு, அவ்வளவுதான். ஆச்சிக்கு 62 டெசிபல் போய்ச் சேரும். அந்தத் திறப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 52. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறையப் பாதியாகக் கேட்கும். செலவு, கொஞ்சம் ரப்பர் பட்டையும் ஒரு சட்டமும்.

திறப்பைக் கண்டுபிடிக்க இரவில் அறைக்குள் பிரகாசமான விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்திலெல்லாம் சத்தமும் கசியும். வளைந்து போகும் சந்துகளில் வெளிச்சம் தெரியாது. அங்கே ஊதுபத்தியைப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பது காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய வீட்டுக் கதவு கீல் கதவாக இல்லாமல், மேலும் கீழும் நீட்டிய முளைகளில் சுழலும் குடுமிக் கதவாக இருந்தால் ஒரு நுணுக்கம் உண்டு. கதவு குடுமியில் சுழலும்போது நிலைக்கும் கதவுக்கும் இடையிலான சந்து மாறிக்கொண்டே இருக்கும். கதவின் ஓரத்தில் ரப்பர் ஒட்டினால் நாலு நாளில் பிய்ந்துவிடும். நிலையின் உட்பக்கத்தில் ஒரு சட்டத்தை அறைந்து, கதவு மூடும்போது அதன்மேல் வந்து அமரும்படி செய்து, அந்தச் சட்டத்தில் ரப்பர் பட்டையை ஒட்டுங்கள். ஆனால் நூறாண்டுத் தேக்கு நிலையில் ஆணி அடிக்க எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வரக்கூடாது. அதற்கு அந்த வீடே வழி வைத்திருக்கிறது. சுவர் ஒன்றரை அடிக் கனம் என்பதால் பழைய கதவு ஒரு முகத்தில் இருக்க, சுவரின் மறுமுகத்தில் இரண்டாவது கதவு ஒன்றைப் போடலாம். கனமான பிளஷ் கதவு, நான்கு பக்கமும் ரப்பர், கீழே வாசற்படியோடு ஒட்டும் பட்டை. நடுவில் அடைபடும் காற்றிடமும் சேர்ந்து இரண்டு கதவும் கொடுக்கும் தடுப்பு, ஒரே கதவை இரு மடங்கு கனமாகச் செய்தாலும் கிடைக்காது. பழைய கதவில் ஒரு கீறல்கூட விழாது.

கூரைதான் பெரிய வேலை. நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருப்பதால் இடைவெளி இல்லாத இடமே இல்லை. வெயில் காலத்தில் வீட்டைக் காப்பாற்றுவதும் அந்த இடைவெளிதான். அதை அடைக்காதீர்கள். அதற்குக் கீழே தனியாக ஒரு கூரை தொங்கவிடுங்கள். இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி மாற்றி, மேலே 50 மில்லிமீட்டர் ராக் வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு). விட்டத்தில் இறுக்கிப் பிணைக்காமல் ரப்பர் வைத்த கொக்கியில் தொங்கவேண்டும். இறுக்கினால் அதிர்வு விட்டம் வழியாக ஏறிவிடும். ஓரங்களில் சுவரோடு சேரும் இடத்தைக் காயாத சீலன்ட் கொண்டு அடையுங்கள்.

இவ்வளவு செலவுக்கு முன்னால் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மரவிட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட மச்சு உள்ள அறை ஏதாவது காலியாக இருக்கிறதா? இருந்தால் திக்னஸ் பிளேனரை மட்டுமாவது அங்கே கொண்டுபோங்கள். கனத்த கூரை, நான்கு கனத்த சுவர், வெளிச்சுவர்ச் சன்னல் இல்லாமல் வளவைப் (முற்றத்தைச் சுற்றிய உட்கூடத்தை) பார்த்த ஒரே கதவு. இப்படிப்பட்ட அறைகள் பல வீடுகளில் வேண்டாத சாமான் அடைத்துக் கிடக்கின்றன. கதவை மட்டும் ஒழுங்காக மூடிவிட்டால் முற்றம் திறந்திருப்பதைப் பற்றிக்கூடக் கவலைப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஏப்ரல், மே மாதக் காரைக்குடி வெயிலில் உள்ளே நின்று வேலை செய்ய முடியாது, மோட்டாரும் சூடேறும். காற்றுக்கு வழி வேண்டும், ஆனால் நேர்வழி கூடாது. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் நீளப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே ராக் வூல் ஒட்டி, அதன்மேல் மெல்லிய துணி இழுத்து மூடி, காற்று இரண்டு முறையாவது செங்குத்தாகத் திரும்பிப் போகும்படி தடுப்பு வையுங்கள். ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் மறுமுனை தெரியக்கூடாது. உள்வழியின் அகலம் எக்ஸாஸ்ட் ஃபேனின் வாயைவிடக் குறையவும் கூடாது. குறைந்தால் காற்றே சீறும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. இரண்டின் வாயும் உங்கள் கொல்லைப் பக்கம் பார்க்கட்டும். ராக் வூல் துணியில்லாமல் இருந்தால் அதன் தும்பு தோலை அரிக்கும், மூச்சுக்கும் ஆகாது.

அறைக்குள்ளும் கொஞ்சம் ராக் வூல் பலகை மாட்டலாம். வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் சத்தத்தை அப்படியே திருப்பி அடிப்பவை. துணி போர்த்திய பலகைகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் அறையின் இரைச்சல் தணியும், உங்கள் காதுக்கும் நல்லது. ஆனால் இது துணைவேலைதான். ஓட்டையை அடைக்காமல் இதை மட்டும் செய்துவிட்டு ஆச்சிக்கு நிம்மதி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

இனி மெஷினுக்கு வருகிறேன். பிறந்த சத்தத்தை அடைப்பதைவிடப் பிறக்காமல் செய்வது மலிவு.

உங்களிடம் இருப்பவற்றில் மோசமானது திக்னஸ் பிளேனர். மேசைமேல் வைக்கும் வகையில் கார்பன் பிரஷ் மோட்டார் இருக்கும். அது நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றி அலறும். அதன் உருளையில் நீளமான நேர்க்கத்திகள் இருக்கும். இரண்டு கத்தி, நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் விநாடிக்குச் சுமார் 267 முறை கத்தி காற்றைப் பலகையோடு சேர்த்து அறைகிறது. ஆலைச் சங்கு இயங்கும் முறையும் இதுவே. அதனால்தான் அது தெருமுனை வரை ஒரே சுருதியில் ஊளையிடுகிறது. நேர்க்கத்தி உருளைக்குப் பதிலாகச் சிறு சிறு சதுரக் கார்பைடு கத்திகளைச் சுருள் வரிசையில் பதித்த உருளை கிடைக்கிறது. கத்தி முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் அறையாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவதால் அந்த ஊளை உடைந்துவிடும். வித்தியாசம் அடுத்த அறையிலேயே தெரியும். பழைய தேக்கில் வேலை செய்பவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. மறைந்த ஆணி தட்டினால் முழுக்கத்தி பாழாகாது. அடிபட்ட சின்னக் கத்தியை மட்டும் திருப்பிப் போட்டால் போதும், நான்கு முனை இருக்கிறது.

அதுவரைக்கும் ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் சீவ வேண்டாம். கத்தி மழுங்க விட வேண்டாம். தேக்கில் மணற்சத்து, அதாவது சிலிக்கா, உண்டு. மற்ற மரங்களைவிடச் சீக்கிரம் முனையைத் தின்றுவிடும். மழுங்கிய கத்தி சீவாமல் அடித்து அடித்துப் போகும். சீவிய முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: நல்ல கத்தி என்றால் மரத்தின் ரேகை தெளிவாகத் தெரியும், மழுங்கிய கத்தி என்றால் தேய்த்து மெருகேற்றியதுபோலப் பளபளக்கும், மெல்லிய குறுக்கலைகளும் தெரியும். அப்போதே கத்தியை மாற்றிவிடுங்கள், காது சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னும் நேரடியான வழியும் உண்டு. காரைக்குடியைச் சுற்றி மரக்கடைகளுக்கும் அறுப்பு மில்களுக்கும் பஞ்சமில்லை. கனமான முதல் இழைப்பையும் நீள அறுப்பையும் அங்கே கொடுத்துவிடுங்கள். ஆணி உள்ள மரத்தை எந்த மில்லிலும் வாங்கமாட்டார்கள். ஆகவே முதலில் வலுவான காந்தத்தையோ மெட்டல் டிடெக்டரையோ மரத்தின் நான்கு முகத்திலும் நகர்த்திப் பார்த்து ஆணியைப் பிடுங்கிவிட்டு அனுப்புங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கும் தூண், உத்தரம் எல்லாவற்றிலும், தலையில்லாமல் மரத்துக்குள்ளேயே ஒடிந்துபோன ஆணி இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மில்லிலிருந்து வந்தபிறகு உங்கள் வீட்டில் ஓட வேண்டியது கடைசி ஓரிரு சீவல்தான்.

டேபிள் சாவில் மரத்தைத் தொடாமல் வெறுமனே சுற்றும்போதே விசில் கேட்கிறதா? அது பிளேடு. பற்களுக்கு இடையிலான குழிகள் காற்றைக் கிழிப்பதாலும் தகடு மணிபோல அதிர்வதாலும் வருவது. தகட்டில் லேசர் கொண்டு வெட்டிய மெல்லிய கோடுகளும், அவற்றில் நிரப்பிய பிசினும் உள்ள பிளேடை வாங்குங்கள். அந்தக் கோடுகள் அழகுக்கு அல்ல, அதிர்வைக் கொல்வதற்கு. பிளேடில் ஒட்டிய மரப்பிசினைக் கழுவுங்கள், பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். அடுத்து ஏதாவது மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் பேண்ட் சா (பட்டை ரம்பம்) வாங்குங்கள். நீள அறுப்பை அது கால்வாசிக் கூச்சலில் முடித்துக் கொடுக்கும். பொதுவாகவே இண்டக்‌ஷன் மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு காந்தமுனை (போல்) கொண்ட மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்றுத்தான் சுற்றும், முனகும், கத்தாது. ரூட்டரில் பெரிய பிட் (வெட்டுமுனை) போடும்போது வேகத்தைக் குறையுங்கள். சத்தமும் குறையும், கையும் பிழைக்கும்.

பலர் மறப்பது வாக்குவம் கிளீனரை. அறுப்பது அரை நிமிடம். அது ஓடுவது அரை மணி. ஆச்சியின் பொறுமையைத் தின்பது பெரும்பாலும் அந்த ஓயாத கீச்சொலிதான். காற்றுப் பாதைக்குச் சொன்ன அதே முறையில் அதற்கொரு பெட்டி செய்து உள்ளே வையுங்கள். வெப்பக் காற்று வெளியேற வளைந்த வழி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மோட்டார் கருகிவிடும்.

பொதுச்சுவரின் கதை வேறு. அங்கே காற்றுவழிச் சத்தத்தைவிட அதிர்வு முக்கியம். எந்த மெஷினும், எந்த மேசையும், எந்த அலமாரியும் அந்தச் சுவரைத் தொட வேண்டாம்; ஒரு சாண் தள்ளி வையுங்கள். மெஷின் கால்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்காமல் தடித்த ரப்பர் துண்டுகளின்மேல் நிறுத்துங்கள். பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை இரண்டு மூன்று அடுக்காக வெட்டிப் போட்டால் நன்றாக உழைக்கும். உளி வேலை செய்யும் மேசைக்கும் இது பொருந்தும். கொட்டாப்புளி அடி மெஷினைவிடச் சின்னச் சத்தம் என்று தோன்றும். ஆனால் அது தரைவழியாகப் போய் அடுத்த வீட்டில் இடிபோல விழும்.

உங்கள் காதையும் மறக்காதீர்கள். 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது தொழிலாளர் நலனுக்காகப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். காது மூடி இல்லாமல் திக்னஸ் பிளேனரைத் தொடாதீர்கள்.

சட்டத்தைக் கேட்டீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி காலை 6 முதல் இரவு 10 வரை பகல் நேரம் என்பது உண்மை. ஆனால் அது எவ்வளவு சத்தமும் போடலாம் என்ற அனுமதி அல்ல. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் சராசரி 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே எல்லை. அதைவிட 10 டெசிபல் கூடினால் புகார் கொடுக்க அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் எல்லை இன்னும் 5 குறையும். கூலிக்கு வேலை எடுக்கிறீர்கள் என்றால் வீட்டு மின் இணைப்பும் தொழில் உரிமமும் தனிக் கேள்விகள் ஆகிவிடும். அதை முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். போனில் டெசிபல் காட்டும் செயலி சட்டத்துக்குச் செல்லாது. ஆனால் ஒரே போனை, ஒரே இடத்தில், வேலை செய்வதற்கு முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்பதை நம்பகமாகச் சொல்லும். அந்த இடம் உங்கள் அறையாக இருக்கக் கூடாது, ஆச்சியின் திண்ணையாக இருக்க வேண்டும்.

அதற்கு நீங்கள் ஆச்சி வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கே போங்கள். பால்காரரிடம் சொல்லி அனுப்பினார் என்றால் உங்கள் முகத்தை முறிக்க அவருக்கு விருப்பமில்லை என்றுதான் பொருள். அந்தப் பெருந்தன்மையை வீணாக்காதீர்கள். எந்த நேரத்தில் படுக்கிறார், எந்த நேரத்தில் பூஜை, வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் எப்போது போன் பேசுவார்கள் என்று கேட்டு அந்த நேரங்களை விட்டுவிடுங்கள். பகல் 1 மணி முதல் 4 மணி வரை மெஷின் வேண்டாம் என்பது கேட்காமலே தெரிய வேண்டிய மரியாதை. சத்தத்தைவிட மனிதரை வாட்டுவது அது எப்போது நிற்கும் என்று தெரியாததுதான். "ஆச்சி, நாளைக் காலை பத்து மணிக்கு மெஷின் ஓடும், பதினொன்றுக்குள் நிறுத்திவிடுவேன்" என்று முதல்நாள் சொல்லிவிட்டு, பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே நிறுத்துங்கள். சத்தம் போடும் வேலைகளையெல்லாம் வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுக்குள் சேர்த்துக்கொண்டு, மற்ற நாட்களில் இணைப்பு, உளி, இழைப்புளி, மெருகு என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் வேலை ஓடும்.

பூட்டிய வீட்டுக்காரர்களையும் ஆள் இல்லை என்று கணக்கில் விடாதீர்கள். அவர்கள் வருவதே கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ, அறுபதாம் கல்யாணத்துக்கோதான்; பங்காளிகள் எல்லாம் கூடி வளவில் இலை போடும் அன்று சுவருக்கு அப்பால் ரூட்டர் அலறினால் அந்த வருத்தம் தலைமுறைக்கும் நிற்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, திறக்கப்போகும் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லச் சொல்லுங்கள். அந்த நாட்களில் மெஷின்களை நிறுத்திவிட்டு, மில்லில் இழைத்து வந்த பலகைகளை எடுத்துக் கைவேலையை வைத்துக்கொள்ளுங்கள்.